இரண்டு நீல மூடி

தூங்குகிற பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி லேப்பில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற மேசையில் நிர்மலா மேடம் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"மரியதாஸ் அண்ணே, நீல மூடி ரெண்டு கிடக்கு. குழாய் ஒண்ணுதான் இருக்கு. எப்படி?"

மரியதாஸ் அண்ணனுக்கு ஐம்பது வயது. சர்க்கரை டெஸ்ட் பார்க்கிற பக்கத்திலிருந்து இந்த மேசைக்கு வேலை பழக வந்தவர். சொல்லிக்கொடுக்கிற மேடத்துக்கு முப்பதுதான்.

"சின்னப் பையன் மேடம், நரம்பே கிடைக்கல. ரெண்டு குழாய்லயும் பாதி பாதிதான் ரத்தம் வந்துச்சு. ஒண்ணாச் சேர்த்துட்டேன். கோடு வரை நிறைஞ்சிருச்சே, இதுல என்ன தப்பு?"

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"பவுனு, ரெண்டு டம்ளர் எடு. ரெண்டுலயும் முழு டீக்குப் போடுற சர்க்கரை போடு. டீயைப் பாதிதான் ஊத்தணும்."

ஊற்றினேன். மேடம் இரண்டையும் ஒரே டம்ளரில் கவிழ்த்து அண்ணனிடம் நீட்டினார்.

"குடிங்க."

ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது. "பாயசம் மாதிரி இருக்கு மேடம்."

"டம்ளர் நிறைஞ்சுதானே இருக்கு? இதுல என்ன தப்பு?"

அண்ணன் குழாயைப் பார்த்தார். ரத்தம் கட்டாமலிருக்க நீல மூடிக் குழாயில் முன்னாடியே மருந்துத் தண்ணி இருக்கும். ஒரு குழாய் ரத்தத்துக்கு ஒரு அளவு.

"மருந்து ரெட்டிப்பாயிருச்சு," என்றார் மெதுவாக.

"முப்பத்தஞ்சு விநாடியில உறைய வேண்டிய ரத்தத்தை எழுபதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. தாய் வழியா வர்ற, ரத்தம் நிக்காத வியாதின்னு பயந்து ஆபரேஷனையே நிறுத்திட்டாங்க!"

"மறுபடி எடுத்துப் பார்த்து ரிப்போர்ட்டை மாத்திரலாம் மேடம்."

எனக்கு யார் முன்னாலும் வாய் வராது. அன்றைக்கு வந்துவிட்டது.

"வராண்டாவுல அந்தப் பையனோட அம்மாவை மாமியார் ஏசுறாங்க மேடம். 'உங்க வீட்டு ரத்தம்டி, என் பேரனைக் கெடுத்துருச்சு, உன் ஆத்தா வீட்டுக்கே போ'ன்னு. துணிப்பையைத் தூக்கி வெளிய போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு அழக்கூட இல்ல."

மேடத்துக்குக் கழுத்து வரை சிவந்தது.

"ரிப்போர்ட்டை மாத்துவீங்க. இந்தப் பேச்சை எந்தக் குழாயில ஊத்தி மாத்துவீங்க, அண்ணே?"

அண்ணன் டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் வராண்டாவுக்கு நடந்தார். மாமியார் முன்னால் போய் நின்றார். நான் கதவோரம் ஒதுங்கிப் பார்த்தேன்.

"ஏ பவுனு, உம்புள்ள முழிச்சுக் கத்துறான், ஓடியா!" என்றாள் ஆயா.

ஓடும்போது அண்ணன் குரல் கேட்டது. "அம்மா, தப்பு உங்க மருமக ரத்தத்துல இல்ல, நான்தான் ரெண்டு குழாயையும் ஒண்ணாச் சேர்த்துக் கெடுத்துட்டேன்."