பால் வராத காலை

வடிவம்மையின் மடத்துக்குச் சிதம்பரநாதன் அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பணி ஓய்வு பெற்றவர், அம்மையைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் தரையில் உட்கார்ந்து கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. புதுக் கார் வாங்கிய பிறகுதான் கேள்விகள் குறைந்திருந்தன.

அன்று ஒரு கேள்வி இருந்தது.

"வர்ற வழியில வளைவுல ஒரு சைக்கிள்காரர் மேல கார் லேசா தட்டிடுச்சும்மா. விழுந்துட்டார்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"உடனே இறங்கினேன்."

"இறங்கி?"

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். "பம்பரைப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அடி பட்டுச்சான்னு கேட்டேன். அவரே எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டு, 'ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க'ன்னுட்டார். மன்னிப்பு வேற கேட்டார்."

நம் ஊரில் விழுந்தவன்தான் மன்னிப்புக் கேட்பான். காரில் வந்தவருக்கு அது நல்ல வசதி.

"நேரா பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினேன். ஒரு தேங்காயும் உடைச்சேன். அப்பவும் மனசு ஆறலை. இன்னும் என்னம்மா பரிகாரம் பண்ணணும்?"

அம்மை உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து அவர் முன் வைத்தார். தினமும் கிடைப்பதுதான். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகம் சுளித்தார்.

"பால் இல்லையாம்மா?"

"கேன் வழியில கவிழ்ந்துடுச்சாம். பால்காரர் சொன்னார்."

சிதம்பரநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். வளைவில் தார் ரோட்டில் வெள்ளையாக ஓடியது நினைவுக்கு வந்தது. டயரில் படாமல் ஒதுக்கித்தான் ஓட்டி வந்திருந்தார். தினமும் அந்தப் பாலைக் குடித்தவர், கொண்டுவருகிறவரின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இங்கயா வந்தார்? நல்லாத்தானே இருந்தார்?"

"என்கிட்டயும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னார். நானும் சரின்னு பூ கட்டப் போயிட்டேன். அவர் கிணத்தடியில உட்கார்ந்தார். ரெண்டு தடவை வாந்தி எடுத்தார். அப்புறம் கூப்பிட்டா கண்ணே திறக்கலை. ஒரு ஆட்டோல படுக்க வச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்."

"கூட யார் போனாங்க?"

"யாரும் போகலை. பூசை நேரம்."

அம்மையின் குரல் மாறவில்லை. சிதம்பரநாதனை நேராகப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.

சிதம்பரநாதன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இப்போதுதான் அவருக்குப் பயம் வந்திருந்தது. "நான் போறேன்மா. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில யாருன்னு சொல்லித் தேடுறது? அவர் பேரு என்ன?"

அம்மை கிணற்றடியில் கிடந்த காலிக் கேனைப் பார்த்தபடி நின்றார்.

"பால்காரரேன்னுதான் இத்தனை வருஷமா கூப்பிட்டிருக்கேன்" என்றார்.