முட்டைக்குள்ளிருந்து வந்த குரல்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் மணல்திட்டில், முதலை ஒன்று முட்டையிட்டு மூடிவைத்துக் காவல் இருந்தது. யாரையும் நம்பாத முதலை அது. காற்றில் சருகு உருண்டாலும், "யார் அங்கே?" என்று உறுமும்.

கோடை முற்றியது. பசி பொறுக்காமல் ஆற்றில் இறங்கியே தீரவேண்டிய நிலை. முட்டைகளை யாரிடம் ஒப்படைப்பது?

உடும்பு முந்திக்கொண்டு வந்தது. "அத்தை! நான் இருக்கும்போது என்ன கவலை? உங்களுக்கும் செதில், எனக்கும் செதில். அதே நாலு கால், அதே நீண்ட வால். இதைவிட நெருங்கிய சொந்தம் இந்தக் காட்டில் உண்டா?"

அருகே தரையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவி தலையை நிமிர்த்தியது. "அக்கா, நான் எப்படியும் இங்கேதான் இருக்கப்போகிறேன். உங்கள் முட்டைகளையும் பார்த்துக்கொள்கிறேனே."

"அக்காவா?" என்று உடும்பு இளித்தது. "இறகும் அலகுமாக வந்து உறவு கொண்டாடுகிறாயா?"

முதலைக்கு இருவர்மீதும் ஐயம். "ஒன்று மட்டும் சொல்லுங்கள். குஞ்சு வெளிவரும் வேளை வந்துவிட்டதென்று எப்படி அறிவீர்கள்?"

"அவ்வப்போது தோண்டிப் பார்த்தால் ஆயிற்று, அத்தை" என்ற உடும்பு, நாக்கை நீட்டி மணலைத் தடவிற்று.

"தோண்டுவானேன்?" என்றது குருவி. "குஞ்சுகளே ஓட்டுக்குள்ளிருந்து கூப்பிடும்."

"முட்டை பேசுமாம்! கேட்டீர்களா, அத்தை?" உடும்பு வாலை அடித்துச் சிரித்தது.

முதலை சிரிக்கவில்லை. தன் குலத்துத் தாய்மார் மட்டுமே அறிந்த செய்தி அது என்றல்லவா எண்ணியிருந்தது! "எங்களை ஒட்டுக்கேட்டாயா?" என்று குருவியின்மீது சீறிற்று.

"நீங்களே வந்து கேளுங்கள்" என்று குருவி எழுந்து விலகியது.

முதலை தலையைச் சாய்த்தது. குருவியின் முட்டைக்குள்ளிருந்து மெல்லிய 'கீச்' ஒலி. குருவி பதில் கொடுத்தது. உள்ளிருந்து மீண்டும் 'கீச்'.

"யார் கற்றுத்தந்தார்கள்?"

"யாருமில்லை. என் தாயும் இப்படித்தான், அவள் தாயும் இப்படித்தான். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு தாய் நம் இருவருக்கும் பொதுவாக இருந்திருப்பாள், அக்கா. உடும்பின் கிளை அவளுக்கும் முன்பே பிரிந்திருக்கும்."

முதலை அதையும் முழுதாக நம்பவில்லை. இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு ஆற்றில் இறங்கி, கண்களை மட்டும் நீருக்குமேல் வைத்துக்கொண்டது.

உடும்பு உடனே மணலைப் பறிக்கத் தொடங்கியது. அப்போது மண்ணுக்கடியில் 'க்ரக், க்ரக்' என்று குரல்கள் எழுந்தன.

"சீ, தவளை!" என்று உரக்கச் சலித்துக்கொண்டு, உடும்பு மேலும் தோண்டியது.

குருவி காடதிரக் கத்தியது. முதலை பாய்ந்தது. உடும்பின் வாலில் பாதி முதலையின் வாய்க்குள் போயிற்று.

"அத்தை! நான் உங்கள் சொந்தம்!"

"என் குழந்தைகள் அழைத்த குரல் உனக்குத் தவளையாகக் கேட்டது. நீயா எனக்குச் சொந்தம்?"

மிஞ்சிய வாலோடு உடும்பு புதருக்குள் ஓடி மறைந்தது.

முதலை மணலை விலக்கி, குஞ்சுகளை வாயில் ஏந்தி, ஆற்றில் கொண்டுபோய் விட்டது. பின், "தங்கச்சி, கிட்டே வந்து பாரேன்" என்று குருவியை அழைத்தது.

குருவி அந்த வாயின் பற்களைப் பார்த்தது. "உறவுதான், அக்கா. இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்."

நீதி: உருவம் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது, மூதாதையிடமிருந்து இறங்கிவந்த இயல்பே சான்று.