சதுரங்கப் பாறையும் காவல் மந்தியும்

ஓடைக்கரையில் மருதமரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், எல்லாவற்றிலும் உயரமான மரத்தின் உச்சியில் ஒரு மந்தி காவல் காத்து வந்தது.

அது லேசான வேலை இல்லை, பிள்ளைகளே. கீழே புல்வெளியில் புள்ளிமான்கள் மேயும். செந்நாய் தலை தெரிந்தால் மந்தி அந்தப் பக்கம் திரும்பிக் கூவும். மான்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். மந்தி கூவினால் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும்.

மந்திக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "நான் கொஞ்சம் கண் அசந்தால் இந்தக் காடு என்ன ஆகும்?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்கும். யாரும் வராத நாளில் தன் வாலிடமே கேட்டுக்கொள்ளும்.

அந்த மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. உடும்பு தன் நகத்தால் அதில் கட்டம் கட்டமாகக் கீறி வைத்திருந்தது. வெயில் ஏறியதும் உடும்பும் சருகுமானும் அங்கே சதுரங்கம் ஆட உட்கார்ந்துவிடும். குன்றிமணிகள் ஒரு பக்கத்துச் சிப்பாய்கள், புங்க விதைகள் மறுபக்கத்துச் சிப்பாய்கள். பெரிய கடுக்காய்கள்தாம் ராஜாக்கள்.

சருகுமான் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. காய்ந்த இலைகளுக்கு நடுவே நின்றால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. உடும்போ பிடித்ததை விடாத பிறவி. ஒரு காயைத் தொட்டால், தொட்டபடியே வெகுநேரம் யோசிக்கும்.

"என்ன உடும்பண்ணே, அந்தக் குன்றிமணி இன்னும் முளைக்கலையா?" என்று மந்தி மேலிருந்து வம்புக்கு இழுக்கும்.

"சும்மா இரு. யோசிக்கிறேன்" என்று உடும்பு தலையைத் தூக்காமல் சொல்லும்.

"ஏ சருகு, உனக்குமா வேற வேலை இல்லை? இந்த நேரத்துல நாலு பழம் பொறுக்கலாம். செந்நாய் வந்தா ராணியைக் காட்டியா பயமுறுத்துவே?"

"பழமும் பொறுக்குறேன், மந்தியக்கா. இதுவும் பிடிச்சிருக்கு."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

சருகுமான் பாறையைக் காட்டியது. "உடும்பண்ணே ஒரு காயை நகர்த்தும்போதெல்லாம், இதை ஏன் இங்கே வச்சார்னு எனக்குள்ளே கேட்டுப் பார்ப்பேன். கேட்டுக் கேட்டு அதுவே பழகிப்போச்சு."

"ஏன் வச்சார்? பொழுது போகாம வச்சார்" என்று சொல்லி மந்தி கிளை குலுங்கச் சிரித்தது.

இப்படிச் சிரித்தாலும் மந்தியின் மனத்தில் ஒரு முள் தைத்திருந்தது. மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு நாள், மேற்கே இருந்த மேட்டில் ஒரு செந்நாய் தெரிந்தது. மந்தி தொண்டை கிழியக் கூவியது. மான்கள் கிழக்கே இருந்த பள்ளத்துக்குள் இறங்கி ஓடின. அன்று ஒரு பெண்மானின் குட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

'நான் சரியான நேரத்தில்தானே கூவினேன்' என்று மந்தி தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தது. மனம் ஆறவில்லை. குட்டியை இழந்த பெண்மான் மந்தியை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. மறுநாளும் அதே மரத்தடியில், அதே கூவலை நம்பித்தான் மேய்ந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை உடும்பின் முகம் வழக்கத்துக்கு மாறாக மலர்ந்திருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அது சருகுமானை ஜெயிக்கப் போகிற நிலையில் இருந்தது.

"உன் ராஜாவுக்கு ஓட இடமில்லை, சருகு. நல்லாப் பார்த்துக்கோ" என்றது உடும்பு.

"பார்த்துட்டேன் அண்ணே. இன்னிக்கு நான் மாட்டிக்கிட்டேன்" என்று சருகுமான் ஒப்புக்கொண்டது.

அப்போது மேலிருந்து மந்தியின் குரல் வந்தது. "காயை மூட்டை கட்டுங்க. மேட்டுல செந்நாய் நிக்குது. நான் கூவப்போறேன்."

"ஒண்ணுதானா அக்கா?"

"ஒண்ணுதான்."

"மறைஞ்சா நிக்குது?"

"இல்லை. வெட்டவெளியில நிக்குது. போன தடவை நின்ன அதே இடம். விடு, மான்கள் ஓடணும்."

மந்தி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது.

"அக்கா, கூவாதீங்க" என்றது சருகுமான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று மந்தியை நிறுத்திவிட்டது. "செந்நாய் என்னிக்காவது தனியா வேட்டைக்கு வந்திருக்கா? உங்க கண்ணுல படாம வர அதுக்குத் தெரியாதா? அதை ஏன் அங்கே நிறுத்தியிருக்காங்க?"

இழுத்த மூச்சு மந்தியின் நெஞ்சிலேயே நின்றது.

"நீங்க கூவினா மான்கள் எங்கே ஓடும்?"

"பள்ளத்துக்கு."

"அப்போ பள்ளத்தைப் பாருங்க. காவல்காரியா பார்க்காதீங்க. செந்நாயா இருந்தா எங்கே படுத்திருப்பேன்னு நினைச்சுப் பாருங்க."

மந்தி கிழக்கே திரும்பியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தின் வாயில் வழக்கமான உண்ணிப்புதர், அதன் அடியில் வழக்கமான செம்மண். பிறகு அந்தச் செம்மண் மூச்சு விட்டது.

ஒரு காது அசைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு காது. பாறை நிழலில் ஒரு வால். ஓடை வளையும் இடத்தில் இரண்டு கண்கள். பள்ளத்திலிருந்து வெளியேறும் வழி ஒவ்வொன்றிலும் ஒரு செந்நாய், அவசரமே இல்லாமல் படுத்திருந்தது. எல்லாம் ஒன்றுக்காகக் காத்திருந்தன.

எத்தனையோ காலமாக அந்த உச்சியில் உட்கார்ந்தும் மந்தி இந்தக் காட்டை இப்படிப் பார்த்ததில்லை. மரம், புல், ஓடை, மேடு எல்லாம் நேற்று இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் கீழே பாறையில் இருந்த கட்டங்கள் காடு முழுக்க விரிந்து கிடப்பதை அது பார்த்துவிட்டது. அதில் தன் இடம் எது என்பதையும் பார்த்துவிட்டது.

"சருகு" என்றது மந்தி. "அதுங்க என் கூவலுக்குத்தான் காத்திருக்கு. அன்னிக்கு அந்தக் குட்டியை நான்தான் அதுங்க வாயில தள்ளியிருக்கேன்."

"அதுக்காக அப்புறம் அழலாம் அக்கா. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"உப்புமண். காட்டெருமைக் கூட்டம் நக்கிக்கிட்டு நிக்குது."

"அதான் விஷயம். மான்கள் அங்கே போயிடக்கூடாதுன்னுதான் அந்த ஒத்தை நாயை நிறுத்தியிருக்காங்க."

சருகுமான் சட்டென்று தன் குளம்பால் பாறையில் இருந்த காய்களைக் கலைத்தது.

"டேய், நான் ஜெயிச்சிட்டிருக்கேன்" என்று உடும்பு பதறியது.

சருகுமான் பெண்மானை அருகே அழைத்தது. ஒரு கடுக்காயை ஓரத்தில் வைத்து, "இது மேட்டுல நிக்கிற நாய்" என்றது. எதிர் ஓரத்தில் புங்க விதைகளைக் குவித்து, "இதெல்லாம் பள்ளத்துல படுத்திருக்கிறது. ஓடாதீங்க. மேயுற மாதிரியே கடுக்காயைப் பார்த்து நடங்க. கொம்பு உள்ளவங்க முன்னால, குட்டிங்க நடுவுல" என்றது.

செந்நாயை நோக்கி நடப்பதா? பெண்மான் மந்தியை அண்ணாந்து பார்த்தது.

"நீ சொல்லு மந்தி. உன் குரலை நம்பித்தான் நாங்க இருக்கோம்."

"இன்னிக்கு நான் கூவமாட்டேன், புள்ளியக்கா. நடங்க."

பெண்மான் பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. "என் குட்டி போனதும் அந்தப் பள்ளத்துலதானே?"

"ஆமா" என்றது மந்தி.

"அப்போ நடக்கிறோம்."

மான்கள் நடந்தன. மந்தி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. காட்டில் எத்தனையோ கூவல் கூவியிருக்கிறது, ஒன்றுகூட இந்த மௌனத்தைப் போல அதற்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

மேட்டில் நின்ற செந்நாய் மான்களைப் பார்த்தது. பிறகு மரத்தைப் பார்த்தது. எங்கே கூவல் என்று அதற்குப் புரியவில்லை. முன்னே வந்த ஆண்மான்கள் கொம்புகளைத் தாழ்த்தின. செந்நாய் ஓரடி பின்வாங்கியது. இன்னும் ஓரடி. பிறகு விலகி நின்று, தன் கூட்டத்தை அழைக்கும் சீழ்க்கை அடித்தது.

உண்ணிப்புதரிலிருந்து செந்நாய்கள் பாய்ந்து வந்தன. ஆனால் நடுவே புல்வெளி முழுதும் கிடந்தது. இப்போது மான்கள் ஓடின. மேட்டைத் தாண்டி, உப்புமண்ணில் இறங்கி, காட்டெருமைகளின் கால்களுக்கு இடையே புகுந்துகொண்டன. கூட்டத்துப் பெரிய எருமை நிமிர்ந்து ஒருமுறை மூச்சு விட்டது. செந்நாய்கள் வந்த வழியே திரும்பின.

குட்டிகளில் ஒன்றும் குறையவில்லை. பெண்மான் ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து பார்ப்பதை மந்தி மேலிருந்து பார்த்தது. அப்புறம் அழுதது.

தன் முறை முடிந்து வேறொரு மந்தி காவலுக்கு மரமேறியதும், நம் மந்தி இறங்கி முதன்முறையாகப் பாறைக்கு வந்தது. உடும்பு காய்களைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"செந்நாய்க் கூட்டம் இந்தப் பக்கமாத்தானே ஓடுச்சு, பயந்துட்டீங்களா அண்ணே?" என்று மந்தி கேட்டது.

"எந்தச் செந்நாய்?" என்றது உடும்பு. "என் ஆட்டம் போச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை..."

"போகலை அண்ணே" என்றது சருகுமான்.

அது காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கியது. இந்தக் கட்டத்தில் குதிரை, அந்தக் கட்டத்தில் யானை, மூலையில் சிப்பாய். கலைப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு குன்றிமணி பிசகாமல் வைத்தது. இவ்வளவு சின்னத் தலைக்குள் இவ்வளவும் எப்படி இருக்கிறது என்று மந்தி வாய் பிளந்து பார்த்தது.

"மறந்த மாதிரி ஒரு காயைத் தள்ளி வச்சிருந்தா நீ தப்பிச்சிருப்பியே" என்று சருகுமானின் காதருகே கேட்டது.

"அவர் நல்லா ஆடியிருக்கார், அக்கா. பாருங்க."

உடும்பு நகத்தால் தன் குதிரையைத் தொட்டது. வழக்கம்போல வெகுநேரம் யோசித்தது. பிறகு நகர்த்தியது. சருகுமான் தலைகுனிந்து தன் கடுக்காய் ராஜாவைச் சாய்த்து வைத்தது. உடும்பு பாறையைத் தடவிக்கொண்டிருந்தது.

மந்தி குதிரை நின்ற கட்டத்தையே உற்றுப் பார்த்தது. வெயில் இறங்கியது. குருவிகள் கூடு திரும்பின. அது நகரவில்லை.

"உடும்பண்ணே" என்றது கடைசியில், மிகவும் மரியாதையாக. "இதை ஏன் இங்கே வச்சீங்க?"

நீதி: எதிராளியின் எண்ணத்தை ஊகித்தறியப் பழக்கும் விளையாட்டில் செலவழித்த பொழுது வீண்பொழுது ஆகாது.