எஸ்தர் அக்காவின் வாசல் தொட்டி

"ஏஞ்சல் மீன் ரெண்டும் போச்சுக்கா. துடுப்பே இல்ல. கடிச்சுக் குதறியிருக்கு."

எஸ்தர் அக்கா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பெண் கொடுக்கப்போகிற வீட்டை விசாரிப்பதுபோலக் கேட்பாள். பதில் பிடிக்கவில்லை என்றால் மீன் கிடையாது. அதற்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. முகம் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

"டைகர் பார்ப் நாலு. கப்பி ஆறு. கோல்டு ஒண்ணு."

"பார்ப் இருக்கிற வீட்டுக்கு நான் ஏஞ்சல் குடுக்க மாட்டேனே. எதிர்க்கடையா?"

பரந்தாமன் தலையாட்டினான். நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் கனடாவில் இருந்துவிட்டு, போன சித்திரையில்தான் அயனாவரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். இந்தக் கேள்விக்குமுன் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடப் பையன்போல ஆகிவிடுகிறது.

"ஏஞ்சல் பாவாடை தரையில புரள நடக்கிற பொண்ணு மாதிரி. பார்ப்புக்கு வாய் சும்மா இருக்காது. கோல்டுக்குக் குளுந்த தண்ணி வேணும், மத்ததுக்கு வெதுவெதுன்னு வேணும். இதுங்களை ஒண்ணாப் போட்டுட்டு என்கிட்ட வந்து அழுதா?"

"எங்க வீட்ல ஒண்ணா இருந்துச்சேக்கா."

"எப்போ?"

"சின்ன வயசுல. கூடத்துல, அப்பா நாற்காலிக்குப் பக்கத்துல. நான் ஒண்ணாவது படிக்கிறப்போ வெச்சது, காலேஜ் முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு. அதே கறுப்பு ஏஞ்சல். அதே பார்ப். ஒரு நாள்கூட ஒண்ணு குறைஞ்சு நான் பார்த்ததில்ல."

எஸ்தர் அக்கா துணியைப் பிழிந்தாள்.

"சரி, இப்ப எதுக்கு அதே மாதிரி?"

அவன் சொன்னான். அக்கா வசுமதி பெரம்பூரில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்கே வந்துவிடு என்று மூன்று தரம் கூப்பிட்டாயிற்று. கீழே அண்ணன் குடும்பம், மேலே இவன், பக்கத்தில் அவளுக்கென்று ஓர் அறை. வர மாட்டேன் என்கிறாள். அந்த வீட்டில் தூக்கம் வராது என்றாள். புது மெத்தை வாங்கினான். ஏசி மாட்டினான். அப்படியும் வரவில்லை.

"அந்தத் தொட்டி பழையபடி இருந்தா வந்துடுவாக்கா. எங்க வீட்ல எவ்ளோ நிம்மதியா இருந்தோம் தெரியுமா? அப்பா கத்தி நான் கேட்டதில்ல. அண்ணன் ஒரு வார்த்தை மீறினதில்ல."

"அப்படியா?"

"ஒண்ணா இருக்காதுங்கறீங்க. உங்க வாசல் தொட்டியில மட்டும் எல்லாம் ஒண்ணாதானே சுத்துது?"

கடை வாசலில் இருந்த ஆறடித் தொட்டியைக் காட்டினான். ஏஞ்சல், பார்ப், கப்பி, கோல்டு என்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. தெருவில் போகிற யாரும் அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் போவதில்லை.

எஸ்தர் அக்கா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வாங்க. கடை தொறக்கறதுக்கு முன்னாடி."

வந்தான். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தான்.

அவள் ஒரு சின்ன வலையை அவன் கையில் கொடுத்தாள்.

வாசல் தொட்டியில் ஓர் ஏஞ்சல் பக்கவாட்டில் மிதந்தது. கப்பி இரண்டு அடியில் கிடந்தன, வாலில்லாமல். இன்னொரு ஏஞ்சல் மூலையில் ஒடுங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எடுங்க."

எடுத்தான். அவள் உள்ளே போய்ப் பின்கட்டுத் தொட்டியிலிருந்து அதே அளவில், அதே நிறத்தில் மீன்களைக் கொண்டுவந்து விட்டாள். ஒடுங்கியதைத் தனி வாளிக்கு மாற்றினாள். அடியில் கிடந்த செதில்களைக் குழாயால் உறிஞ்சி எடுத்தாள். கண்ணாடியில் கைத்தடம்கூட இல்லாமல் துடைத்தாள்.

"தினமுமா?"

"தினமும்."

ஒன்பது மணிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினார்கள்.

"ஐயோ, எவ்ளோ ஒத்துமையா இருக்கு பாருங்க" என்றாள் அந்தப் பெண். "உங்கம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டணும்."

"ஏன், உங்கம்மா பார்த்தா ஆகாதா?" என்றான் அவன்.

பரந்தாமன் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் போனபிறகு மெல்லக் கேட்டான்.

"எங்க வீட்டுத் தொட்டியில..."

"உங்க தெருமுனையில மீன் கடை வெச்சிருந்தது எங்கப்பாதான். கவர்ல தண்ணி பிடிச்சு ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்தது நான். நீங்க எந்த வீடுன்னு சொன்ன அன்னைக்கே தெரியும்."

"சொல்லலியேக்கா."

"நீங்க மீன்தானே கேட்டீங்க?"

எஸ்தர் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"உங்கக்கா வாரத்துல ரெண்டு நாளாவது வரும். நீங்கள்லாம் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. செத்ததைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வந்து, இதே சைசு, இதே கறுப்புன்னு கேக்கும். எங்கப்பா ஒரு தரம், 'ஏம்மா, செத்துப்போச்சுன்னு வீட்ல சொல்லிட வேண்டியதுதானே'ன்னாரு."

"அதுக்கு?"

"சொன்னா ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சுடுவாங்க மாமான்னுச்சு. அப்போ அதுக்குப் பதினாலு வயசு இருக்கும்."

பரந்தாமன் வலையை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பெரம்பூரில் வசுமதி கதவைத் திறந்தாள்.

"என்னடா, மறுபடியும் கூப்பிட வந்தியா? நான்தான் வரலைன்னு சொல்லிட்டேனே."

"கூப்பிட வரல."

"பின்ன? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? காபி குடிச்சியா, இல்லியா?"

அவள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள்.

"நீ உக்காருக்கா" என்றான்.