பதினோரு நாள் அடித்த மணி

"அது செத்துப்போச்சு குருவே" என்றார் சீடர்.

"யார் சொன்னது?"

"புதுக் கம்ப்யூட்டர்."

"அது என்ன டாக்டரா?" என்றார் குரு.

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. பெயர் தவசிமுத்து. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார்.

குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் பர்வீன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார்.

முதலில் சீடர் கேலிக்குத்தான் குருவே என்று கூப்பிட்டார். நாலைந்து தடவை தோற்றுப்போய் வந்து நின்ற பிறகு கேலி போய்விட்டது, வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. குரு இன்றுவரை அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது பள்ளியின் பிரெயில் பிரின்டர். விரலால் தடவி வாசிக்கும்படி காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தரும். இருபது வருஷம் உழைத்தது. அதனோடு குடித்தனம் நடத்திய பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் இடி விழுந்து புகைந்தது. பிறகு வந்த புதுக் கம்ப்யூட்டரோ, யுஎஸ்பி வயரைச் சொருகினால் இது யாரென்றே தெரியாது என்று கைவிரித்தது.

பள்ளியின் தாளாளர், சனிக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வில் கேள்வித்தாளை யாராவது வாசித்துக் காட்டினால் போயிற்று என்றார். நல்ல மனுஷர்தான். அந்த நல்ல மனசுதான் சீடருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

பத்தாம் வகுப்புப் பேச்சியம்மாளுக்கு வந்தது எரிச்சல் இல்லை, கோபம். காலாண்டில் வாசித்துக் காட்டியவர் வடிவியல் கணக்கில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். அவள் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே அதே வரியை மறுபடியும் தாண்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார்" என்றாள் சீடரிடம். "அடுத்தவங்க வாயில இருந்து எனக்குக் கேள்வி வேண்டாம்."

குரு முன்பே ஒரு வழி சொல்லியிருந்தார். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய விண்டோஸைக் குடிவைப்பது. அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். பழசுக்கு இந்தப் பிரின்டரைத் தெரியும். ஆனால் வாசலில் நிற்பது புதுசு. அது விட்டால்தான் பிரின்டர் உள்ளே போக முடியும். யாரை விடலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயரை எழுத வேண்டும்.

சீடர் எழுதினார். பிரின்டர் உள்ளே எட்டிப் பார்த்தது. கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது.

பதினோரு நாள் இதே கூத்து. பேச்சியம்மாளும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயரை மாற்றினார். பழைய விண்டோஸை நாலு தடவை அழித்து ஏற்றினார். திரையை முறைத்தே கண் சிவந்து போனார்.

"விட்டுடலாமா குருவே?"

குரு ஸ்கூட்டி சாவியை எடுத்தார்.

சனிக்கிழமை மதியம். பள்ளியின் கம்ப்யூட்டர் அறை. பேச்சியம்மாள் பிரின்டரின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். இரும்புக்காரர் வந்தால் தன்னையும் சேர்த்தே நிறுத்து எடுத்துக்கொள்ளட்டும் என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

குரு நேரே போய் மானிட்டரை அணைத்தார்.

"ஒண்ணும் தெரியாதே குருவே."

"பதினோரு நாளா என்ன தெரிஞ்சுது? வயரைச் சொருகுங்க சார்."

சொருகினார். கம்ப்யூட்டர் மணி அடித்தது, வயரில் ஒன்று வந்தால் ஒரு விதமாகவும் போனால் வேறு விதமாகவும் அடிக்கும் மணி.

"எத்தனை தடவை அடிச்சுது?"

சீடர் அணைந்த திரையைப் பார்த்தார்.

"மூணு" என்றாள் பேச்சியம்மாள். "வந்துச்சு. போயிட்டு. திரும்ப வந்துச்சு. பதினோரு நாளா அப்படித்தான் அடிக்கி."

"ஏன்மா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

சீடருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வாத்தியார் இல்லையா, விடவில்லை. போனது திரும்பி வந்தால் மறுபடி உள்ளே விட வேண்டியதுதானே, பட்டியலில் பெயர்தான் இருக்கிறதே என்று வாதாடினார்.

குரு பேச்சியம்மாளின் பக்கம் திரும்பினார்.

"உன் பேர் என்னம்மா?"

"எங்க உள்ள பேரு? இங்கயா, வீட்லயா?"

"ரெண்டும் சொல்லு."

"இங்க பேச்சியம்மாள். எங்க ஆச்சி பேரு. அம்மா மாமியார் பேரைச் சொல்ல மாட்டாங்கல்லா, அதனால வீட்ல மைனா." அவள் சிரித்தாள். "ஒண்ணாங் கிளாஸ்ல சார் எனக்கு ஒரு வாரம் ஆப்சென்ட் போட்டாங்க. நான் முதல் பெஞ்சுலதான் இருந்தேன், மைனான்னு கூப்பிடுவாங்கன்னு."

சீடருக்குச் சட்டென்று பொறி தட்டியது.

அப்புறம் தாமே போய் மானிட்டரைப் போட்டார். வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினார். இந்தத் தடவை ஒவ்வொரு மணிக்கும் திரையில் வந்த பெயரைப் படித்தார். பிரின்டர் வந்தது ஒரு பெயரில். முழுதாக விழித்துக்கொள்ள அது ஒரு தடவை போய்த் திரும்பியது; திரும்பியது வேறு பெயரில். பட்டியலில் முதல் பெயர் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவதையும் எழுதினார். வயரை மறுபடி சொருகினார்.

காலாண்டுக் கணக்குத்தாளை அச்சுக்கு அனுப்பினார். மேஜை அதிர, அறை அதிர, பிரின்டர் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. சீடர் அழுதேவிட்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

அந்தச் சத்தத்திலேயே தாளாளர் வந்து வாசலில் நின்றார். பின்னால் இரும்புக்காரர், கையில் கயிற்றோடு.

"என்ன சார், வாசிச்சுக் காட்ட ஆள் கிடைச்சாச்சா?"

பேச்சியம்மாள் தாளைக் கிழித்து எடுத்தாள். விரல் வரிவரியாக இறங்கி, காலாண்டில் தாண்டிப்போன அந்த வரியில் நின்றது. இன்னொரு கையால் நாற்காலியை வாசல் பக்கம் தள்ளினாள்.

"ஆள் கிடைச்சாச்சு ஐயா. உக்காருங்க. நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுதேன்."