விருந்தாளி உறங்குகிறார்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். எந்த ஊராக இருந்தால் என்ன, சிரித்த முகத்தோடு தலையை எடுக்கச் சொல்லுகிற ராஜா. பெயர் மகுடதரர். கோபக்கார ராஜா என்றால் முகத்தைப் பார்த்தாவது ஓடித் தப்பிக்கலாம். இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் விகடம் பேசிப் பிழைத்துக்கொண்டிருந்தார் வெள்ளியம்பலம். பாவம், என்ன பிழைப்போ!

ஒருநாள் கப்பல் வணிகர் ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து பெரிய வெங்காயம் போன்ற ஒரு கிழங்கைக் கொண்டுவந்தார். இதிலிருந்து நெருப்புப் பந்து போல ஒரு பூ வரும் என்றார். ராஜா துள்ளிக் குதித்தார்.

“இது நம் விருந்தாளி! எமக்கு நடக்கும் மரியாதை எல்லாம் இதற்கும் நடக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் தலை போகும்” என்று சிரித்தார்.

உபசார அதிகாரி அனந்தகோபர் விடுவாரா? தினமும் பாலாபிஷேகம், பன்னீர், சந்தனக் குழம்பு என்று கிழங்கை நட்ட தொட்டியில் ஊற்றித் தள்ளிவிட்டார். அகலமாக வந்த இலைகள் சில மாதத்தில் மஞ்சளாகிச் சாய்ந்தன. மண்ணில் துர்நாற்றம் வேறு. அனந்தகோபருக்கு வியர்த்துக் கொட்டியது. வெள்ளியம்பலத்தை அவருக்கு எப்போதும் ஆகாது; இப்போது ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிடலாமே!

“அரசே, விருந்தாளி சோர்ந்திருப்பது தனிமையால்தான். சபையையே மகிழ்விக்கும் வெள்ளியம்பலம் பொறுப்பேற்றால் பூத்துக் குலுங்குவார்” என்றார் குழைந்து.

“நல்ல யோசனை! சித்திரையில் எம் பிறந்தநாள். அன்று பூ இருக்கவேண்டும். இல்லாவிட்டால்…” ராஜா விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சிரித்தார்.

வெள்ளியம்பலம் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சேறு. கிழங்கு ஒரு பக்கம் குழைந்திருந்தது, மறுபக்கம் இன்னும் கெட்டியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி வடிவாம்பாள் உள்ளே வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். “கூரை ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நனைஞ்சதெல்லாம் அழுகிப்போச்சு பாருங்க. அந்தப் பக்கம் காஞ்சு கிடந்தது மட்டும் தானா முளை விட்டிருக்கு.”

“என்ன சொன்னே? தண்ணியே இல்லாமலா?”

“ஆமா. ஏன் இப்படி முழிக்கிறீங்க?”

அவர் அரண்மனைக்கு ஓடினார். குழைந்த பக்கத்தைச் சீவி, சாம்பல் தடவி, காய்ந்த மணலில் கிழங்கைப் புதைத்தார். சரி, ஆனால் நாளைக்குப் பாலூற்றவில்லை என்றால்? மரியாதை குறைந்துவிட்டது என்று தலை போகுமே! யோசித்து யோசித்து, கடைசியில் தொட்டியைச் சுற்றிப் பட்டுத்திரை ஒன்றைக் கட்டினார்.

மறுநாள் பால்குடத்தோடு வந்தவர்களிடம் உதட்டில் விரல் வைத்தார். “விருந்தாளி உறங்குகிறார்.”

செய்தி ராஜாவுக்குப் போனது. அவரே வந்தார். “எவ்வளவு நேரம் உறங்குவார்?”

வெள்ளியம்பலம் திரைக்குக் குறுக்கே வந்து நின்றார். கைகட்டிச் சொன்னார்: “அரசே, தாங்கள் பள்ளிகொள்ளும்போது எவ்வளவு நேரம் என்று யாரேனும் கேட்டதுண்டா? தங்கள் பள்ளியறைத் திரையைத் தொட்டவன் கை போகும் என்பது சட்டம். தங்களுக்கு நடப்பதெல்லாம் இவருக்கும் நடக்கவேண்டும் என்பது தங்கள் ஆணை.”

ராஜா சிரித்துவிட்டுப் போனார். ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தானே? வெள்ளியம்பலமும் இனி திரையை விலக்கி அந்த மணலைத் தொட முடியாது! திரை இடுக்கில் பார்த்தால் இலைகள் உதிர்ந்தே போயிருந்தன. உள்ளே கிழங்கு இருக்கிறதா, மக்கிவிட்டதா? மார்கழி போய்த் தை போய் மாசி வந்தது. திரைக்கு வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து மனிதர் பாதியாய் இளைத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ராஜாவின் விரல் கழுத்தில் கோடு இழுத்தது.

பிறந்தநாள் விடிந்தது. சபை கூடியது. அனந்தகோபர் முரசுகாரர்களோடு வந்து நின்றார்.

“அரசே, தங்களைத் தினமும் முரசறைந்துதான் எழுப்புகிறோம். விருந்தாளிக்கும் அந்த மரியாதை வேண்டாமா? முரசு கேட்டும் எழாதவர் பிணம். தோண்டிப் பார்த்துவிடலாம்.”

“அறையுங்கள்!” என்றார் ராஜா.

முரசு அதிர்ந்தது. திரை விலகியது. வெறும் மணல். ஒரு புல் நுனிகூட இல்லை. அனந்தகோபர் களைக்கொட்டை எடுத்துக்கொண்டார். ராஜா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளியம்பலம் களைக்கொட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே பாய்ந்தார்.

“அரசே!” குரல் கீச்சென்று வந்தது. “முரசு கேட்டதும் தாங்கள் படுக்கையிலிருந்து நேராகச் சபைக்குக் குதித்ததுண்டா? முதலில் முகம் கழுவத் தண்ணீர். பிறகு நீராட்டம். பிறகு பட்டாடை, மாலை. எல்லாம் முடிந்துதானே மகுடம்? தாங்கள் வரும்வரை நாங்கள் காத்து நிற்கிறோம். நீராடுபவரைத் தோண்டி எடுக்கும் வழக்கம் இந்த அரண்மனையில் இல்லையே.”

ராஜா அலங்காரம் முடித்து வருவதற்குள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அது ஊருக்கே தெரியும். ராஜா தாடையைத் தடவினார்.

“சரி. தண்ணீர் ஊற்று. அமாவாசைவரை காத்திருப்போம். அதற்கு மேல் நீயும் அவரோடு மண்ணுக்குள்தான்.”

வெள்ளியம்பலம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். கோடை வெயில் காய்ந்தது. அமாவாசை நெருங்க நெருங்க வடிவாம்பாள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டே இருந்தாள். ஒரு காலை மணல் லேசாக வெடித்திருந்தது. வெடிப்பில் சிவப்பாக ஒரு மொட்டின் மூக்கு. அவர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அமாவாசையன்று சபை நடுவே அது நின்றது. மொட்டைத் தண்டு, உச்சியில் செக்கச்செவேலென்று தலையளவு பந்து. ஓர் இலைகூட இல்லை.

அனந்தகோபர் கடைசி முயற்சியாக, “இலையே இல்லையே! இது குறையுள்ள பூ, அரசே!” என்றார்.

ராஜாவின் புருவம் உயர்ந்தது.

வெள்ளியம்பலம் கைகூப்பினார். “தாங்கள் காத்திருப்பதாக விருந்தாளியிடம் சொன்னார்கள், அரசே. அவர் பதறிவிட்டார். ஆடை உடுத்தக்கூட நேரமில்லாமல் மகுடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்!”

ராஜா ஒரு கணம் பூவையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். “ஆடையில்லாமலா! கேள், என்ன வேண்டுமானாலும் கேள்!”

“விருந்தாளிக்குக் கிடைத்த உறக்கம் எனக்கும் வேண்டும், அரசே. திரையும் காவலும் சேர்த்து.”

அன்று முதல் ஒரு வாரம் வெள்ளியம்பலத்தின் வீட்டு வாசலில் பட்டுத்திரை தொங்கியது. யாரும் தொடாமல் காவல் நின்றவர் அனந்தகோபர். உள்ளே மனிதர் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். ஒரு கை மட்டும் தூக்கத்திலும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.