கஞ்சிக் கறை

நொச்சிநாட்டில் ஒரு நாற்காலி இருந்தது. நாட்டின் அதிபர் உட்காரும் நாற்காலி. அதற்குப் பேசத் தெரியும். ஆனால் உட்கார்ந்தவர் காதில் அந்தப் பேச்சு அவருடைய சொந்த யோசனை மாதிரியே விழும். அதுதான் அதன் சாமர்த்தியம். அதுவரை அதில் உட்கார்ந்த ஒருவர்கூடத் தானாக எழுந்து போனதில்லை. ஒருவரைப் பிணமாகத் தூக்கினார்கள். இன்னொருவரை ஊரே திரண்டு வந்து இழுத்துப் போட்டது.

அதே நாட்டில் ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தது. ஆதன் என்பவர் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த அன்று அவருக்குக் கொடுத்தது. அடித்தோலை மாற்றி மாற்றி, தளபதியான பிறகும் அவர் அதையே போட்டுக்கொண்டார். இடதுகால் பூட்ஸுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அணிவகுப்பில் முதலில் எழுவது இடதுகால்தானே! ஆனால் அதன் மூக்கில் ஒரு வெள்ளைக் கறை. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மறையாது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது.

வடக்கேயிருந்து பகைவர் படை வந்தபோது, ஆதன் கணவாயில் மறித்து நின்று விரட்டியடித்தார். சனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு வந்தது. தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர்கள் எல்லாருக்கும் டெபாசிட் போயிற்று. ஆதன் அதிபரானார். பூட்ஸ், அவர் அறையிலேயே இருந்த அலமாரிக்குப் போனது.

"இனிமே இவர் என் ஆளு" என்றது நாற்காலி.

"தவணை முடிஞ்சா எழுந்துடுவார். அவர் சிப்பாய்" என்றது இடதுகால் பூட்ஸ்.

"சிப்பாய்ங்கறதாலதான் எழுந்திரிக்க மாட்டார். பார்த்துக்கிட்டே இரு."

ஆதன் நன்றாகத்தான் ஆண்டார். ஆற்றுக்குப் பாலம் வந்தது, மலைக்கிராமங்களுக்கு மருத்துவமனை வந்தது. தவணை முடிந்தது. மீண்டும் நிற்கச் சட்டத்தில் இடமில்லை. அடுத்த தேர்தலில் ஜெயித்தவர் நப்பின்னை, துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவி. மூட்டை தூக்குகிறவர்களின் கூலிக்காக ஆதனையே மேடை போட்டுத் திட்டியவர்.

நாற்காலி வேலையை ஆரம்பித்தது. புகழ்ந்து பார்த்தது, பலிக்கவில்லை. சிலை வைப்பதாக ஆசை காட்டியது, ஆதன் சிரித்துவிட்டார். கடைசியில் அவருடைய தொழிலிலேயே கை வைத்தது. எல்லையில் மறுபடியும் புகை தெரிகிறது. அந்தம்மாவுக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் சுடும் என்றாவது தெரியுமா? காவல்காரன் பாதியில் காவலை விட்டுப் போகலாமா?

அது ஆதனை அசைத்துவிட்டது. நிலைமை சீராகும் வரை நானே தொடர்கிறேன் என்று ஓர் அறிவிப்பு எழுதச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதவி ஒப்படைக்கும் விழாவில் படிப்பதாக ஏற்பாடு. செய்தி எப்படியோ கசிந்தது. விழா நாளன்று வாசலில் சனம் திரண்டது. ஒரு பக்கம் தொழிலாளர்கள், இன்னொரு பக்கம் துப்பாக்கியோடு சிப்பாய்கள். இரண்டு பக்கமும் அண்ணன் தம்பிகள்தான்.

உள்ளே அலமாரியில், எப்போதும் பேசாத வலதுகால் பூட்ஸ் பேசியது.

"கறைக் கதையைச் சொல்லு அவருகிட்ட."

"அசிங்கம்."

"வாசல்ல ரத்தம் கொட்டப் போவுது. உனக்கு உன் மூக்கு பெருசாப் போச்சா?"

இடதுகால் பூட்ஸ் வெட்கப்பட்டு அடங்கியது.

விழாவுக்காக ஆதன் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸை மாட்டி, நாடாவைக் கட்டக் குனிந்தார். மேலேயிருந்து நாற்காலி, "காவலை விட்டுடாதே" என்றது. கீழேயிருந்து இடதுகால் பூட்ஸ் நறுக்கென்று கடித்தது. ஆதன் கண்ணில் கறை பட்டது.

"இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்றது பூட்ஸ்.

ஞாபகம் இல்லாமல் என்ன. சிப்பாயாக இருந்தபோது கணவாயில் காவல். மாற்று ஆள் வந்து நின்றான், புது ஆள். இவனை நம்பி எப்படிப் போவது என்று ஆதன் இடத்தை விட்டு நகரவில்லை. மறுநாள் விடியும் வரை நின்றார். தூக்கம் கெட்ட கண்ணுக்கு, பனிமூட்டத்தில் வந்த உருவம் எதிரியாகத் தெரிந்தது. சுட்டார். வந்தவன் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்த தோழன். குண்டு பானையை உடைத்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் நெஞ்சு. ஓடிப்போய் அவனைத் தூக்கியபோது, கொதிக்கிற கஞ்சியில் பதிந்தது இடதுகால்.

"ஆள் வர்றதுக்கு முன்னால போறவனும் குத்தவாளி. ஆள் வந்த பிறகும் நிக்கிறவனும் குத்தவாளி. அன்னிக்கு உங்க சுபேதார் சொன்னாரே" என்றது பூட்ஸ்.

கதவு திறந்தது. பதவியை வாங்க வந்த நப்பின்னை விறைப்பாக நின்றார். ஆதன் சட்டைப் பையிலிருந்த அறிவிப்பை எடுத்தார். நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இடதுகாலை முன்வைத்து எழுந்தார். நப்பின்னைக்கு எதிரே போய் நின்று சல்யூட் அடித்தார்.

"காவல் சரி. எல்லாம் அமைதி. ஒப்படைக்கிறேன்."

நப்பின்னைக்குப் படை முறையெல்லாம் தெரியாது. கண் கலங்கிவிட்டது.

"வாங்கிக்கிட்டேன் அய்யா. ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. போய்ச் சாப்பிடுங்க."

காவல் மாறிப் போகிற சிப்பாயிடம் சொல்ல வேண்டியதைத்தான், தெரியாமலே சொன்னார்.

ஆதன் பூட்ஸைக் கழற்றினார். "இது இங்கேயே இருக்கட்டும்மா. துடைக்கச் சொல்லாதீங்க" என்று நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வாசலுக்கு வந்தார். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். துறைமுகத்து ஆட்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். கணவாயில் ஜெயித்து வந்த அன்றுகூட அப்படி ஓர் ஆரவாரம் எழவில்லை. மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள் அவரைத் தரையில் விடாமல் வீடு வரை கொண்டுபோயின.

அறையில் நப்பின்னை உட்கார்ந்தார். நாற்காலி தோதாகச் சாய்ந்து, மெல்ல வாயைத் திறந்தது.

பக்கத்தில் இடதுகால் பூட்ஸ் தொண்டையைச் செருமியது.

நாற்காலி வாயை மூடிக்கொண்டது.